காயத்துக்குள் ஒரு விரல்: போட்ஸ்டாமில் கரவாஜியோவின் தோமாவைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

பெர்லினுக்கு வருகிற நண்பர்கள் எல்லாரிடமும் ஒரு நாளைப் போட்ஸ்டாமுக்கு ஒதுக்குங்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். காரணம் ஒரே ஒரு படம். போவதற்கு முன்னும் போய்விட்டு வந்த பின்னும் அவர்கள் கேட்ட கேள்விகளையும், நான் சொன்ன பதில்களையும் இங்கே சேர்த்து எழுதி வைக்கிறேன்.

எந்தப் படம் இது?

இத்தாலிய ஓவியர் கரவாஜியோ 1601-1602 வாக்கில் ரோமில் வரைந்த ‘தோமாவின் சந்தேகம்’. கேன்வாஸில் எண்ணெய் வண்ணம். உயரம் 107 செ.மீ., அகலம் 146 செ.மீ. நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடும் மேஜையின் பலகையைச் சுவரில் சாய்த்து வைத்தால் ஏறக்குறைய அந்த அளவு வரும். உயிர்த்தெழுந்த இயேசு இடப்பக்கம் நிற்கிறார். மூன்று சீடர்கள் அவர் மார்புக்கு நேராகக் குனிந்து பார்க்கிறார்கள். அவர்களில் தோமாவின் ஆள்காட்டி விரல் இயேசுவின் விலாக் காயத்துக்குள் நுழைந்திருக்கிறது. நாற்காலி இல்லை, சுவர் இல்லை, வானம் இல்லை, தேவதைகள் இல்லை. நான்கு பேரும் இருட்டும் மட்டும்தான்.

ஓவியரின் இயற்பெயர் மைக்கேலாஞ்சலோ மெரிசி. கரவாஜியோ என்பது அவர் குடும்பத்தின் ஊர். 1571இல் பிறந்தார், 1610இல் 38 வயதில் இறந்தார். 1606இல் ரோமில் ஒரு சண்டையில் ஒருவரைக் கொன்றுவிட்டு ஓடிப்போன கதையை எல்லாரும் சொல்வார்கள். இந்தப் படம் அதற்கு நாலைந்து வருஷம் முந்தையது. அப்போது ரோமில் எல்லாரும் அவரைத் தேடி வந்துகொண்டிருந்தார்கள்.

போட்ஸ்டாமின் சான்சூசி அரண்மனைக்கு உள்ளேயே இருக்கிறதா?

அரண்மனை வளாகத்தில் இருக்கிறது, அரண்மனைக் கட்டடத்துக்குள் இல்லை. இது தெரியாமல் பலர் சான்சூசி அரண்மனையை மட்டும் சுற்றிப் பார்த்துவிட்டுப் படத்தைப் பார்க்காமலே திரும்பியிருக்கிறார்கள்.

பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடரிக் 1745-47இல் திராட்சைத் தோட்டப் படிக்கட்டுகளின் உச்சியில் தனக்கென்று கட்டிய கோடைகால அரண்மனைதான் சான்சூசி. பிரெஞ்சில் ‘கவலையில்லாமல்’ என்று பொருள். சேர்த்து வைத்த படங்களுக்கு அங்கே இடம் போதவில்லை. அதனால் பக்கத்திலேயே, கிழக்குப் புறமாக, படங்களுக்கென்றே ஒரு தனிக் கட்டடம் எழுப்பச் சொன்னார். பூரிங் என்ற கட்டடக் கலைஞர் 1755இல் தொடங்கி, நடுவில் ஏழாண்டுப் போர் வந்து, 1764இல் முடித்தார். பில்டர்கேலரி என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள். மஞ்சள் நிறத்தில், நடுவில் சின்னக் குவிமாடத்தோடு, நீளமாக ஒரே தளத்தில் நிற்கும். ஜெர்மனியில் படங்களை வைப்பதற்காகவே ஒரு மன்னர் கட்டி இன்றும் மிஞ்சியிருக்கும் கட்டடங்களில் மிகப் பழையது அதுதான்.

இந்தத் தோமா நம்ம பரங்கிமலைத் தோமையார்தானா?

ஆமாம், அவரேதான். பன்னிரண்டு சீடர்களில் ஒருவர். இயேசுவின் மரணத்துக்குப் பிறகு கி.பி. 52இல் கேரளக் கரையில் வந்து இறங்கினார், பிறகு மயிலாப்பூர் வந்தார், கி.பி. 72இல் பரங்கிமலையில் ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டார் என்பது காலங்காலமாகச் சொல்லப்படும் மரபு. வரலாற்றாசிரியர்கள் இதை விவாதிக்கிறார்கள், நம்புகிறவர்கள் நம்புகிறார்கள். அந்த வழக்கை இங்கே தீர்க்கப் போவதில்லை. ஆனால் சாந்தோம் என்ற பெயரே புனித தோமாவைக் குறிக்கும் போர்ச்சுகீசியப் பெயரிலிருந்து வந்ததுதான். சின்னமலை, பரங்கிமலை, சாந்தோம் கோயிலுக்கு அடியில் இருக்கும் கல்லறை என்று சென்னையின் வரைபடத்தில் அவர் பெயர் மூன்று இடத்தில் இருக்கிறது.

நான் பரங்கிமலைப் பக்கம் வளர்ந்தேன். சின்ன வயதில் எங்களுக்கு அவர் மலைமேல் இருக்கும் பெரியவர், நம்பிக்கைக்காக உயிரைக் கொடுத்த வேதசாட்சி. ‘சந்தேகத் தோமா’ என்று அவரை மறைக்கல்வி வகுப்பில் சொன்னபோது கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது, நம்ம ஊர்க்காரரைக் குறை சொல்கிற மாதிரி. பல வருஷம் கழித்து போட்ஸ்டாமில் இந்தப் படத்தின் முன் நின்றபோது முதலில் மனதில் வந்தது அந்த மலைப்படிகள்தான்.

இன்னொன்றும் அப்போது உறைத்தது. இயேசுவின் விலாவில் இருப்பது ஒரு படைவீரனின் ஈட்டி குத்திய காயம். அதற்குள் விரலை வைக்கிறவர், மரபுப்படி, ஈட்டியாலேயே சாகப் போகிறார். கரவாஜியோ இதை நினைத்து வரைந்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பரங்கிமலைக் கதை தெரிந்த கண்ணுக்கு அந்த விரல் வேறு மாதிரி தெரியும்.

கதை தெரியாது. சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

பைபிளில் யோவான் நற்செய்தி, 20ஆம் அதிகாரம். இயேசு சிலுவையில் இறந்து, அடக்கம் செய்யப்பட்டு, மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்து சீடர்களுக்குத் தோன்றுகிறார். அப்போது தோமா அங்கே இல்லை. மற்றவர்கள் வந்து சொன்னபோது, ஆணித் தழும்பில் என் விரலையும் விலாவில் என் கையையும் போட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்கிறார். எட்டு நாள் போகிறது. பூட்டிய வீட்டுக்குள் இயேசு மறுபடி வருகிறார். தோமாவை அழைத்து, நீ கேட்டபடி உன் விரலை நீட்டு, கையை என் விலாவிலே போடு என்கிறார். தோமா, “என் ஆண்டவரே! என் தேவனே!” என்கிறார்.

அப்படியானால் தோமா உண்மையிலேயே தொட்டாரா?

நிறையப் பேர் கவனிக்காத இடம் இது. தோமா தொட்டார் என்று நற்செய்தியில் ஒரு வார்த்தைகூட இல்லை. இயேசு ‘போடு’ என்கிறார், அடுத்த வசனத்தில் தோமா ‘என் ஆண்டவரே’ என்று சொல்லிவிடுகிறார். நடுவில் என்ன நடந்தது என்று எழுதப்படவில்லை. விரலை நீட்டினாரா, நீட்டப் போய் நிறுத்திக்கொண்டாரா, பார்த்ததே போதும் என்று விழுந்து வணங்கினாரா, வாசிப்பவர் பாடு.

கரவாஜியோ அந்த இடைவெளியை எடுத்துக்கொண்டார். விரல் முதல் கணு வரை உள்ளே போயிருக்கிறது. காயத்தின் மேல் தோல் விரலுக்கு மேலே லேசாக மடிந்து தூக்கி நிற்கிறது. ரத்தம் இல்லை. ஒரு சட்டைப் பைக்குள் விரலை விட்டுத் துழாவுவது போல அவ்வளவு சாதாரணமாக, அதனாலேயே பார்க்க முடியாதபடி இருக்கிறது. அவருக்கு முன்பும் பலர் இந்தக் காட்சியை வரைந்திருக்கிறார்கள். இவ்வளவு கிட்டத்தில் வைத்துக் காட்டத் துணிந்தவர்கள் குறைவு.

படத்தின் முன்னால் நின்றால் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

முதலில் எல்லாருக்கும் காயம்தான் தெரியும். சரி, அதைப் பார்த்துவிடுங்கள், கண் அங்கே போகாமல் இருக்காது. நான்கு தலைகளும் நெருக்கமாக ஒரு கட்டம் போலக் கூடியிருக்கின்றன. எல்லாப் பார்வையும் சரிந்து அந்த ஓர் இடத்தில்தான் விழுகிறது. உங்கள் பார்வையும் அதோடு சேர்ந்து வழுக்கிக்கொண்டு போகும்.

அப்புறம் விரலிலிருந்து மணிக்கட்டுக்கு வாருங்கள். தோமாவின் மணிக்கட்டை இன்னொரு கை பிடித்திருக்கிறது. அது இயேசுவின் கை. இந்தப் படத்தில் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமானது இதுதான். வலது கையால் தன் ஆடையைத் தானே விலக்கிக் காட்டுகிறார். இடது கையால் தோமாவின் கையைப் பிடித்துக் காயத்துக்குக் கொண்டுபோகிறார். கண் தெரியாதவரைக் கையைப் பிடித்துத் தெருவைக் கடக்க வைப்பது மாதிரியான பிடி அது. இழுக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. ‘நம்பாமல் கேட்டாயே’ என்ற கோபத்தின் சாயலே அதில் கிடையாது. சந்தேகப்பட்டவரைத் திட்டுகிற படம் என்று நினைத்துக்கொண்டு போகிறவர்கள் அந்தக் கையை ஒரு நிமிஷம் பார்க்க வேண்டும்.

இயேசுவின் முகம் பாதி நிழலில் இருக்கிறது. வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வந்து அவருடைய மார்பிலும், தோமாவின் நெற்றியிலும், பின்னால் நிற்பவரின் வழுக்கைத் தலையிலும் விழுகிறது. கடவுளின் முகத்தைவிட ஒரு மீனவக் கிழவரின் நெற்றிச் சுருக்கத்துக்கு ஓவியர் அதிக வெளிச்சம் கொடுத்திருக்கிறார். அந்தச் சுருக்கங்களை எண்ணிப் பார்க்கலாம், அவ்வளவு துல்லியம். புருவம் மேலேறி, நெற்றி முழுக்க வரப்பு வரப்பாக மடிந்திருக்கிறது.

தோமாவின் கண்களையும் பாருங்கள். காயத்தை உற்றுப் பார்க்கிறார் என்றுதான் முதலில் தோன்றும். கொஞ்ச நேரம் கழித்து, பார்வை அங்கே நிலைக்காமல் எங்கோ போய்விட்ட மாதிரி எனக்குத் தெரிந்தது. விரலில் எதையோ உணர்ந்த நொடியில் கண் பார்ப்பதை விட்டுவிடுமே, அப்படி. ஊசியில் நூல் கோர்க்கிறவர்கள், வயிற்றைத் தொட்டுப் பார்க்கிற மருத்துவச்சி, இவர்கள் முகத்தில் அந்தப் பார்வையை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இப்போது தோள்பட்டை. தோமாவின் அங்கி இடது தோளில் தையல் விட்டுக் கிழிந்திருக்கிறது. உள்ளே இருக்கும் வெள்ளைத் துணி எட்டிப் பார்க்கிறது. அதுவும் ஒரு காயம் போலவே திறந்திருக்கிறது. நகத்தைப் பாருங்கள், கட்டைவிரல் நகத்தில் அழுக்கு. திருச்சபையின் தூண்களில் ஒருவர் என்று வணங்கப்படுகிற மனிதரின் நகத்தில் ஒருவர் அக்கறையோடு அழுக்கை வரைந்திருக்கிறார். வெயிலில் காய்ந்து சிவந்த அந்தக் கையும், வெளிறிய இயேசுவின் உடலும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் நிறங்கள் எப்படி மாறுகின்றன என்பதைப் பார்க்கவே நான் இரண்டாம் முறை போனேன்.

ஒளிவட்டம் ஒன்றுகூடக் கிடையாது. தெய்வத்தன்மைக்கு அடையாளம் என்று எதையும் அவர் வைக்கவில்லை.

பின்னணி ஏன் இவ்வளவு இருட்டு? படம் பழசாகிக் கறுத்துவிட்டதா?

காலத்தால் கொஞ்சம் கறுத்திருக்கும், ஆனால் இருட்டு அவரே வைத்தது. அடர்ந்த பழுப்பு நிறப் பூச்சைக் கேன்வாஸ் முழுக்கப் பூசி, அந்த இருளிலிருந்து உருவங்களை வெளிச்சத்துக்கு இழுத்து வருவது அவருடைய முறை. முன்கூட்டியே தாளில் வரைந்து பார்த்த படம் என்று அவர் கையால் போட்டது ஒன்றும் இன்றுவரை கிடைக்கவில்லை. ஆட்களை எதிரே நிறுத்திவைத்து நேராகக் கேன்வாஸிலேயே வரைந்தார். தெருவில் நடமாடியவர்கள்தான் அவருடைய சீடர்களும் புனிதர்களும்.

பரோக் என்று பிற்காலத்தில் பெயர் பெற்ற பாணி ஐரோப்பா முழுக்கப் பரவியபோது இந்த ஒளியும் இருளும் அதன் முக்கியக் கருவியாகிவிட்டது. நாடக மேடையில் ஒரே விளக்கைப் போட்டு மற்றதை அணைத்தால் எப்படி நம் கண் அங்கேயே ஒட்டிக்கொள்ளுமோ, அதே வேலைதான்.

அந்தக் காலத்தில் புனிதர்களை இப்படி அழுக்கு நகத்தோடு வரைந்ததை ஏற்றுக்கொண்டார்களா?

எல்லா இடத்திலும் ஏற்றுக்கொள்ளவில்லை. இதே காலத்தில் ரோமில் ஒரு கோயிலின் பீடத்துக்காக அவர் வரைந்த புனித மத்தேயு படத்தை, வெறுங்காலோடு கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார், புனிதருக்குரிய கண்ணியம் இல்லை என்று பாதிரியார்கள் திருப்பிவிட்டதாக அந்த நூற்றாண்டு எழுத்தாளர்கள் குறித்து வைத்திருக்கிறார்கள். அவர் வேறொன்று வரைந்து கொடுத்தார். திருப்பப்பட்ட படத்தை வாங்கிக்கொண்டவர் வின்சென்சோ ஜுஸ்தினியானி. நம்முடைய தோமாவை வரையச் சொன்னவரும் அவரே. தனி மாளிகையில் மாட்டுவதற்கான படம் என்பதால் தோமாவுக்கு எந்தக் கோயில் நிர்வாகத்தின் ஒப்புதலும் தேவைப்படவில்லை.

இன்னொரு பக்கம், பிடிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. அவர் படங்களிலேயே மிக அதிகமாக நகலெடுக்கப்பட்டவற்றில் இது ஒன்று.

யார் இந்த ஜுஸ்தினியானி? ரோமில் வரைந்த படம் ஜெர்மனிக்கு எப்படி வந்தது?

பணமும் ரசனையும் சேர்ந்த வங்கிக் குடும்பத்து மனிதர். அவருடைய அண்ணன் பெனெதெத்தோ, போப்புக்கு அடுத்த நிலையில் இருக்கும் கர்தினால்களில் ஒருவர். கரவாஜியோவின் படங்கள் மட்டும் பத்துக்கு மேல் இவர்கள் மாளிகையில் இருந்தன. வின்சென்சோ இறந்த பிறகு 1638இல் எடுத்த சொத்துப் பட்டியலில் தோமா படமும் இருக்கிறது.

இங்கே ஒரு விஷயம். வின்சென்சோ ரோமில் பிறந்தவர் இல்லை. 1564இல் கியோஸ் என்ற கிரேக்கத் தீவில் பிறந்தவர். ஜெனோவாவிலிருந்து போன அவர்கள் குடும்பம் அந்தத் தீவைத் தலைமுறை தலைமுறையாக ஆண்டது. 1566இல் துருக்கியர் பிடித்துக்கொண்டதும் ரோமுக்கு வந்தார்கள். சரி, இதற்கும் நமக்கும் என்ன? தோமையாரின் எலும்புகள் மயிலாப்பூரிலிருந்து எடெஸ்ஸா நகரத்துக்குப் போயின, அங்கிருந்து கியோஸ் தீவுக்குப் போயின, 1258இல் கியோஸிலிருந்து இத்தாலியின் ஒர்தோனாவுக்குக் கொண்டுவரப்பட்டன என்பது திருச்சபை மரபு. ஒர்தோனாப் பேராலயத்தில் இன்றும் வைத்திருக்கிறார்கள். மயிலாப்பூர் மணலிலிருந்து கிளம்பியவர் தங்கிப் போன தீவில் பிறந்த குழந்தைதான் வளர்ந்து கரவாஜியோவிடம் தோமாவை வரையச் சொன்னது. அதனால்தான் வரையச் சொன்னார் என்பதற்கு ஆதாரம் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. தெரிந்த நாள் முதல் என்னால் மறக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஜெர்மனிக்கு வந்த கதை எளிது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாரிசுகள் படங்களைப் பாரிசுக்குக் கொண்டுபோய் விற்க முயன்றார்கள். நெப்போலியன் வீழ்ந்த 1815இல் பிரஷ்ய மன்னர் மூன்றாம் ஃபிரெடரிக் வில்லியம் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட படங்களை மொத்தமாக வாங்கினார்.

அப்படியானால் கேலரியைக் கட்டிய ஃபிரெடரிக் மன்னர் இதைப் பார்த்ததே இல்லையா?

இல்லை. அவர் 1786இலேயே இறந்துவிட்டார். அவர் சேர்த்த, ரூபன்ஸ், வான் டைக் என்ற ஓவியர்களின் படங்கள் அங்கேயே இருக்கின்றன. தோமா பிறகு வந்து சேர்ந்த விருந்தாளி.

இரண்டாம் உலகப் போரில் எப்படித் தப்பியது?

போர்க்காலத்தில் கேலரியின் படங்களைப் பாதுகாப்புக்காக வேறிடத்துக்கு மாற்றினார்கள். போர் முடிந்ததும் சோவியத் படை பெரும்பகுதியை எடுத்துப்போனது. 1958இல் ஒரு பகுதி திரும்பி வந்தது. வராதவை இன்னும் உண்டு.

ஆனால் ஜுஸ்தினியானி வீட்டிலிருந்து அதே வண்டியில் வந்த மற்றப் படங்களின் கதை வேறு. பெர்லினில் ஃபிரெடரிக்ஸ்ஹைன் என்ற இடத்தில் விமான எதிர்ப்புக் கோபுரம் ஒன்றில் அருங்காட்சியகப் படங்களை அடுக்கி வைத்திருந்தார்கள். 1945 மே மாதம் அங்கே தீப்பிடித்து நானூறுக்கும் மேற்பட்ட படங்கள் போயின. பாதிரியார்கள் திருப்பிய அந்த மத்தேயு அதில் ஒன்று. கரவாஜியோவின் வேறு இரண்டு படங்களும் போயின. ஒலிவமலையில் இயேசு ஒன்று, ஒரு பெண்ணின் உருவப்படம் ஒன்று. மத்தேயுவை இப்போது கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தில்தான் பார்க்க முடியும். தோமா முன்னால் நிற்கும்போது அது நினைவில் இருப்பது நல்லது.

எங்கே நின்று பார்ப்பது?

இதைத் தெரிந்துகொண்டு போனால் பாதி வேலை முடிந்தது. பில்டர்கேலரியில் ஒரு பக்கச் சுவர் முழுக்கத் தோட்டத்தைப் பார்த்த உயரமான ஜன்னல்கள், எதிர்ச் சுவர் முழுக்கப் படங்கள். மேலே தங்கப் பூவேலை, கீழே வெள்ளையும் மஞ்சளுமாகப் பளிங்குத் தரை. எல்லாம் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். கறுப்புப் பின்னணியும் வார்னிஷும் சேர்ந்த படத்தில், நேர் எதிரே நின்றால் ஜன்னலும் நீங்களும்தான் தெரிவீர்கள். இரண்டடி பக்கவாட்டில் நகருங்கள், பளபளப்பு விலகும் இடம் ஒன்று கிடைக்கும். சட்டென்று தோமாவின் நெற்றி எழுந்து வரும். மேகம் மூடிய நாள் கிடைத்தால் யோகம்.

இன்னொன்று, இங்கே படங்களை நவீன அருங்காட்சியகம் மாதிரி இடைவெளி விட்டு மாட்டவில்லை. 18ஆம் நூற்றாண்டு வழக்கப்படி சட்டத்தோடு சட்டம் ஒட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக, சுவரே தெரியாமல் அடுக்கியிருக்கிறார்கள். மன்னரின் செல்வத்தைக் காட்டும் முறை அது. ஒரு படத்தைத் தனியாகப் பார்க்க அது உதவாது. கையைக் கண்ணுக்கு இருபுறமும் கட்டிக்கொண்டு பார்க்கலாம், கூச்சப்பட வேண்டாம்.

எப்போது, எப்படிப் போவது?

கேலரி கோடையில் மட்டும் திறக்கும், பொதுவாக மே முதல் அக்டோபர் வரை. திங்கள்கிழமை விடுமுறை. கிறிஸ்துமஸ் லீவில் போய் மூடிய கதவைப் பார்த்துவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். படம் அவ்வப்போது வேறு நாட்டுக் கண்காட்சிகளுக்கு இரவலாகவும் போகும். ஆகவே அரண்மனைகளை நிர்வகிக்கும் அறக்கட்டளையின் இணையதளத்தில் ஒரு முறை பார்த்துவிட்டு, சந்தேகம் இருந்தால் மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

பெர்லினிலிருந்து எஸ்-பான் எஸ்7 அல்லது ஆர்இ1 ரயில், போட்ஸ்டாம் மத்திய ரயில் நிலையம், அங்கிருந்து 695ஆம் எண் பஸ். ஏபிசி மண்டலத்துக்கான டிக்கெட் எடுங்கள், ஏபி போதாது. சான்சூசி அரண்மனைக்கு நேரம் குறித்த டிக்கெட். கேலரிக்குத் தனி டிக்கெட்டும் உண்டு, எல்லாம் சேர்ந்த நாள் டிக்கெட்டும் உண்டு. ஃபிளாஷ் போடக் கூடாது. முதுகுப் பையை வெளியே வைக்கச் சொல்வார்கள்.

காயத்துக்குள் விரல் என்கிறீர்கள். குழந்தைகளை அழைத்துப் போகலாமா?

தாராளமாக. பெரியவர்கள்தான் முகத்தைத் திருப்புகிறார்கள். நண்பரின் ஏழு வயது மகள் கேட்ட முதல் கேள்வி, “அந்த மாமாவுக்கு வலிக்கலியா?” என்பது. இயேசுவின் முகத்தில் வலி தெரிகிறதா என்று நீயே பார்த்துச் சொல்லு என்றோம். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “அவரும் பாத்துட்டுத்தான் இருக்காரு” என்றாள். அதைவிடச் சரியாக அந்த முகத்தை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

நான் கிறிஸ்தவன் இல்லை. எனக்கு இதில் ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது என்று உறுதியாகச் சொல்வேன். நேசித்தவர் ஒருவர் செத்துப்போனார், பிறகு இல்லை, உயிரோடு இருக்கிறார் என்று எல்லாரும் சொல்கிறார்கள். தொட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்று ஒருவர் சொல்வது துக்கத்தில் இருக்கும் மனிதப் பேச்சு. மருத்துவமனை வாசலில் நின்றவர்களுக்கு அது புரியும். மதத்தை ஏற்க வேண்டிய கட்டாயம் படத்தில் இல்லை.

நம்பிக்கை உள்ளவர்களும் கேட்கிறார்கள், அங்கே ஜெபிக்கலாமா என்று. கேலரி வழிபாட்டு இடம் இல்லை, சத்தமாக எதுவும் வேண்டாம். மனதுக்குள் “என் ஆண்டவரே, என் தேவனே” என்று சொல்லிக்கொண்டு நின்றால் யார் என்ன சொல்லப் போகிறார்கள்? நான் சொல்லியிருக்கிறேன்.

அச்சிலோ இணையத்திலோ பார்த்தால் போதாதா? எவ்வளவோ தெளிவாக இருக்கிறதே?

போவதற்கு முன் பாருங்கள், நல்லதுதான். நகத்தின் அழுக்கு திரையில்தான் தெளிவாகத் தெரியும். ஆனால் ஆட்களின் அளவு திரையில் வராது. நான்கு பேரும் ஏறக்குறைய நம் அளவில் இருக்கிறார்கள். தோமாவின் இடது முழங்கை சட்டத்தை விட்டு நம் பக்கம் துருத்திக்கொண்டு வருகிறது. கூட்டமான டவுன் பஸ்ஸில் முன்னால் குனிந்து நிற்கிறவரின் முழங்கை நம்மை இடிக்குமே, அந்த நெருக்கம். நாமும் எட்டிப் பார்க்கிற ஐந்தாவது ஆளாகிவிடுகிறோம்.

ஒரே நாளில் வேறு என்னென்ன சேர்த்துப் பார்க்கலாம்?

அதே கேலரியில் ரூபன்ஸின் நான்கு நற்செய்தியாளர்கள், வான் டைக்கின் பெந்தெகொஸ்தே. இரண்டும் பெரிய, தடபுடலான படங்கள். வெளியே வந்தால், திராட்சைத் தோட்டப் படிக்கட்டுகளின் உச்சியில், அரண்மனையை ஒட்டி ஃபிரெடரிக்கின் கல்லறை. அவர் கேட்டுக்கொண்டபடி தன் வேட்டை நாய்களுக்குப் பக்கத்தில், இறந்து 205 ஆண்டு கழித்து 1991இல்தான் புதைக்கப்பட்டார். அவர் உருளைக்கிழங்கு பயிரிடச் சொன்ன மன்னர் என்பதால் கல்லின் மேல் மக்கள் உருளைக்கிழங்கு வைத்துவிட்டுப் போகிறார்கள்.

மறுநாள் பெர்லினில் இருந்தால் கெமெல்டேகேலரி என்ற ஓவிய அருங்காட்சியகத்துக்குப் போய் கரவாஜியோவின் ‘வெற்றி கொண்ட காமன்’ படத்தைப் பாருங்கள். அதே வருஷங்களில், அதே ஜுஸ்தினியானிக்காக வரைந்தது. சிறகு முளைத்த ஒரு தெருப்பையன் சிரித்துக்கொண்டிருப்பான். அவர் மாளிகையில் அதைப் பச்சைப் பட்டுத் திரையால் மூடி வைத்து, மற்ற எல்லாப் படங்களையும் பார்த்து முடித்த பிறகே விருந்தாளிகளுக்குத் திறந்து காட்டினார்கள் என்று அங்கே தங்கியிருந்த ஜெர்மன் ஓவியர் சாண்ட்ரார்ட் எழுதியிருக்கிறார்.

எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

கேலரி சின்னது, அவசரமாக நடந்தால் பதினைந்து நிமிஷத்தில் மறுகோடி வந்துவிடும். தோமாவுக்கு மட்டும் அரை மணி நேரம் கொடுங்கள். ஒரு முறை பார்த்துவிட்டு, கடைசி வரை நடந்து மற்றவற்றைப் பார்த்து, திரும்பி வாருங்கள். இரண்டாம் தடவை காயத்தை விட்டுவிட்டுக் கைகளை மட்டும் எண்ணுங்கள். ஆடையை விலக்கும் கை, மணிக்கட்டைப் பிடித்த கை, உள்ளே போன கை, இடுப்பில் ஊன்றிய தோமாவின் இன்னொரு கை. பின்னால் நிற்கும் இருவரின் கைகள் எங்கே என்று தேடுங்கள். நான் முதல் முறை போனபோது அதைத் தேடிக்கொண்டிருந்ததில் மூடும் நேரம் வந்ததே தெரியவில்லை. காவலர் அம்மா பக்கத்தில் வந்து கடிகாரத்தைக் காட்டினார், பிறகு அவரும் ஒரு நிமிஷம் நின்று படத்தைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் போனார்.